ஆறு பேர் கொண்ட மயக்கவியல் உட்பிரிவுக்குத் தலைமை ஏற்கிறேன். அதை எப்படி வளர்ப்பது?

கேட்டவர் போதனா மருத்துவமனையில் குழந்தைகள் மயக்கவியல் பிரிவுக்குப் பொறுப்பேற்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

மயக்கவியல் பிரிவுகளை வளர்ப்பது பெரும்பாலும் மற்ற துறைகள்தான். அறுவை சிகிச்சைத் துறை ஒரு தியேட்டர் கூடுதலாகத் திறக்கும், எண்டோஸ்கோபி வாரம் ஐந்து நாளாகும், எம்.ஆர்.ஐ. மாலையிலும் ஓடும். எல்லாவற்றுக்கும் ஆள் உங்களிடமிருந்துதான் போக வேண்டும். பணியிடத்துக்கு அனுமதி வருவதற்குள் வேலை வந்து நிற்கும். அதனால் பொறுப்பேற்ற முதல் மாதமே ஆள் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

ஓர் உதாரணம். பயிற்சி மருத்துவர்கள் இருக்கும் ஆறு தியேட்டர்கள், இரண்டுக்கு ஒரு நிபுணர் என்றால் மூன்று பேர். எம்.ஆர்.ஐ.க்கு ஒருவர். முன்பரிசோதனை கிளினிக்கும் அன்றைய ஒருங்கிணைப்பும் பார்க்க ஒருவர். முந்தைய இரவு டியூட்டி பார்த்து ஓய்வில் இருப்பவர் ஒருவர். ஆக, ஒரு நாளுக்கு ஆறு. ஆறு பேர் இருக்கிறார்களே, போதுமே என்று நிர்வாகம் சொல்லும். ஆனால் வருடத்துக்கு 260 வேலை நாட்கள் என்றால் தேவை 1,560 ஆள்-நாட்கள். ஒருவருக்கு விடுப்பு 30, மாநாடும் உடல்நலக் குறைவும் சேர்த்து 10 போனால் மீதி 220. வாரம் ஒரு நாள் கல்விப் பணிக்கு என்று ஒதுக்கினால் 176. 1,560-ஐ 176-ஆல் வகுத்தால் 8.9, அதாவது ஒன்பது பேர். கல்வி நாளை முழுக்க ரத்து செய்தாலும் ஏழு பேருக்கு மேல் வேண்டும். ஆறு பேரை வைத்து ஓட்டுகிறார்கள் என்றால் இரவு டியூட்டிக்குப் பிந்தைய ஓய்வு காணாமல் போகிறது என்று அர்த்தம். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனால்தான் நிர்வாகத்திடம் பேச்சு நகரும். "எல்லாரும் களைத்துவிட்டார்கள்" என்று மட்டும் சொன்னால் நகராது.

புதிய இடத்தில் மயக்கம் கொடுக்க ஒப்புக்கொள்ளும் முன் நிபந்தனைகளை எழுத்தில் வாங்குங்கள். எம்.ஆர்.ஐ.யையே எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க இயந்திரமும் மானிட்டரும் காந்த அறைக்கு ஏற்றவையா? குழாய் ஆக்ஸிஜனும் சக்‌ஷனும் உள்ளே உண்டா? தொண்டைக்குள் பார்க்க உதவும் சாதாரண லாரிஞ்சோஸ்கோப்பின் பேட்டரியையும் இரும்பு சிலிண்டரையும் காந்தம் இழுத்துவிடும், அவற்றைத் தடுக்க வாசலில் யார் நிற்பார்கள்? வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் காப்னோகிராஃபியின் மாதிரிக் குழாய் நீளமாக இருப்பதால் அலை சில நொடி தாமதமாகவே தெரியும், இது பயிற்சி மருத்துவருக்குத் தெரியுமா? இதயம் நின்றால் மார்பை அழுத்திக்கொண்டே குழந்தையை வெளியே கொண்டுவர வேண்டும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் உள்ளே போகக்கூடாது. அந்த நிமிடத்தில் உதவிக்கு ஓடிவரக்கூடிய இரண்டாவது மயக்க மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? பிரதான தியேட்டர் வளாகத்திலிருந்து தள்ளியிருக்கும் இடங்களில் கருவியைவிட இந்தக் கடைசிக் கேள்விதான் பெரியது. இதற்குப் பதில் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

அடுத்து, கல்வி நாள். ரோஸ்டரில், அதாவது பணிப் பட்டியலில், அதை ஒரு தியேட்டரைப் போலவே தனி வரியாக எழுதுங்கள். யாராவது காய்ச்சலில் படுத்தால் முதலில் பறிபோவது இந்த நாள்தான், அதுவும் மறுப்புச் சொல்லத் தயங்கும் இளையவருடையது. பறித்த ஒவ்வொரு நாளையும் குறித்து வைத்து அதே மாதத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாருடைய நாள் எத்தனை போனது என்று எல்லார் முன்னிலையிலும் காட்டுங்கள்.

அமெரிக்க மயக்க மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் 1938-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மயக்கவியல் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். ஆள் கிடைக்காமல் பல ஆண்டுகள் திண்டாடினார். 1949-இல் அது தனித் துறையானபோது தலைமை வேறொருவருக்குப் போனது. ஆப்கார் பேராசிரியரானார், நிர்வாகச் சுமை இறங்கி மகப்பேறு மயக்கவியல் பக்கம் போனார். பிறந்த குழந்தையை மதிப்பிடும் ஆப்கார் மதிப்பெண் 1953-இல் அச்சில் வந்தது. திறமைசாலியின் நேரத்தை ரோஸ்டர் தின்றால் என்ன இழப்போம் என்று நிர்வாகம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஆய்வுக்குப் பெரிய நிதி இல்லையே என்று நிற்க வேண்டியதில்லை. மயக்கப் பதிவேட்டில் இருப்பதை எண்ணத் தொடங்குங்கள்: மயக்கம் தெளியும் விழிப்பறைக்கு வரும்போது உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்த குழந்தைகள், அறுவைக்குப் பின் வாந்தி, முதல் முயற்சியிலேயே முடிந்த இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவது). ஒரு பயிற்சி மருத்துவருக்கு ஒரே கேள்வி போதும். வழிகாட்டியும் மதிப்பெண் போடுபவரும் ஒருவராக இருக்க வேண்டாம். இருவரும் ஒருவரேயானால் எந்தப் பயிற்சி மருத்துவரும் தன் சிரமத்தை வாய்திறந்து சொல்லமாட்டார்.

தலைமைப் பண்பை வகுப்பில் கற்பிப்பதைவிட ஒத்திகையில் பார்ப்பது நல்லது. மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா ஒத்திகை வையுங்கள்; சில மயக்க மருந்துகளால் உடல் வெப்பம் ஆபத்தாக ஏறும் அரிய நிலை அது. 60 கிலோ எடையுள்ள பதின்வயது நோயாளிக்கு அதற்கான மருந்தான டான்ட்ரோலீன் முதல் டோஸ் கிலோவுக்கு 2.5 மி.கி., மொத்தம் 150 மி.கி. பழைய வகைக் குப்பியில் 20 மி.கி.தான் இருக்கும், ஒவ்வொன்றையும் 60 மி.லி. ஊசி நீரில் கரைக்க வேண்டும். எட்டுக் குப்பி, கிட்டத்தட்ட அரை லிட்டர். தானே குலுக்கிக் கலக்கத் தொடங்கும் மூத்தவரின் கண் மானிட்டரை விட்டுப் போய்விடும். கலக்கும் வேலையை நான்கு கைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மயக்க வாயுவை நிறுத்தி, உதவிக்கு ஆள் கூப்பிட்டு, நேரத்தைக் குறிக்கச் சொல்பவர் எத்தனை வயதானாலும் அவர்தான் உங்கள் அடுத்த துணைத் தலைவர்.

அவரிடம் மூன்று மாதம் ரோஸ்டரை முழுதாகக் கொடுங்கள், குறுக்கிடாதீர்கள். நீங்கள் வாரம் இரண்டு நாளாவது தியேட்டரில் நில்லுங்கள், இரவு டியூட்டியிலும் உங்கள் பெயர் இருக்கட்டும்.