மூச்சு வாங்கும் இடமும் பதிவாகட்டும்: ஓபரா பாடகர்களின் நினைவுப் பதிவு குறித்த கேள்வி பதில்

மேடையிலிருந்து ஓய்வு பெற்ற ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடகர்களின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்யும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அவர்களில் இதய நோயுடன் வாழ்பவர்களைப் பற்றி எங்கள் குழுவின் உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தாயார் முப்பது ஆண்டுகள் சோப்ரானோவாக, அதாவது பெண்களின் உச்சக் குரலில், பாடியவர். இதயச் செயலிழப்பு இருப்பதால் சற்று நேரம் பேசினாலே மூச்சிரைக்கிறது. உடல் தேறும்வரை காத்திருக்கலாமா?

மருத்துவர் பேசத் தடை சொல்லவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். இருபது நிமிடத்துக்கு மேல் ஒருநாளும் நீட்டாதீர்கள். நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிட்ட முதல் சில மணி நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். படுத்தபடி பேசினால் மூச்சிரைப்பு கூடும் என்பதால் நிமிர்ந்து சாய்ந்திருக்கும் நாற்காலியில் அமரச் செய்யுங்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ தோன்றினால் பதிவை அப்போதே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாடுங்கள்.

பதிவை ஒழுங்கு செய்கிறோம் என்று அவர் மூச்சு வாங்கும் இடங்களை வெட்டிவிடாதீர்கள் என்று உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு முழு இசைக்குழுவுக்கு எதிரே ஒலிவாங்கி இல்லாமல் நின்று, ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் பாட முடியும் என்று கணக்கிட்டு வாழ்ந்தவர் அவர். அவருடைய பழைய இசைப்பிரதிகளில் மூச்சு எடுக்க வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்து வைத்திருப்பார். அந்தப் பிரதியை அவர் மடியில் வைத்து, ஒவ்வொரு குறிக்கும் காரணம் கேளுங்கள். வரலாற்று நூல்களில் கிடைக்காத செய்திகள் அங்கேதான் கிடைக்கும்.

கேள்வி: பதிவின்போது என் ஆசிரியருக்கு ஓயாமல் வறட்டு இருமல் வருகிறது, குரலும் கரகரக்கிறது. முதுமைதான் காரணமா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். இதய நோய்க்குக் கொடுக்கப்படும் ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலை உண்டாக்கும். மாற்று மருந்து உண்டு, ஆனால் அதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. குரல் கரகரப்புக்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். இடப்பக்கக் குரல்நாணை இயக்கும் நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. இதய அறையோ தமனியோ வீங்கி அந்த நரம்பை அழுத்தினால் குரல் மங்கும். இதை நார்பர்ட் ஆர்ட்னர் என்ற மருத்துவர் 1897-இல் விவரித்தார். இது அரிதுதான் என்றாலும், குரலே வாழ்க்கையாக இருந்தவரிடம் இதைச் சோதித்துப் பார்க்காமல் விடுவது நியாயமல்ல.

கேள்வி: பேஸ்மேக்கர் பொருத்தியவருக்குச் சட்டையில் மாட்டும் ஒலிவாங்கி பாதுகாப்பானதா?

அதன் பிடிப்பானில் காந்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல மாதிரிகளில் இருக்கிறது. காந்தத்தையும் கைபேசியையும் கருவியிலிருந்து 15 செ.மீ.க்கு அப்பால் வைக்க வேண்டும். நான் மேசைத் தாங்கியில் நிற்கும் ஒலிவாங்கியையே பயன்படுத்துகிறேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) ஒலிக்கோப்பாகப் பதிந்தால் ஒற்றைத் தடத்துக்கு மணிக்கு அரை ஜிபி அளவே ஆகும். பதிவுக் கருவியின் ஒலி அளவைச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள். பயிற்சி பெற்ற குரல் பேச்சின் நடுவே திடீரென்று பாடிக் காட்டினால் பதிவில் ஒலி சிதைந்துவிடும்.

கேள்வி: ஒரு ஆரியாவை (ஓபராவில் வரும் தனிப்பாடல்) பாடச் சொல்லலாமா?

கேட்காதீர்கள். உச்ச சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறும். நீங்கள் கேட்டுவிட்டால் அவரால் மறுக்கவும் முடியாது. மாறாக, பாடலின் சொற்களைத் தாளத்தோடு பேசிக் காட்டச் சொல்லுங்கள். அவரே மெல்ல முணுமுணுத்துப் பாடினால் குறுக்கிடாமல் பதிவு செய்யுங்கள். புகழ்பெற்ற ஓபரா பாடகி அடெலினா பட்டி 1905-இல் தம் 62-ஆம் வயதில் முதன்முறையாக இசைத்தட்டுக்குப் பாடியபோது அவருடைய உச்சக்காலம் கடந்திருந்தது. ஆயினும் அந்தத் தட்டுகள் இல்லையென்றால் அவர் பாணியை நாம் கேட்டே இருக்க மாட்டோம்.

கேள்வி: என் தாத்தா கோரஸில் மட்டுமே பாடியவர். அவர் நினைவுகளுக்கு மதிப்பு உண்டா?

நிச்சயமாக உண்டு. முதன்மைப் பாடகர் வந்து போவார். கோரஸ் பாடகரோ பருவந்தோறும் அதே அரங்கில் நின்று, எத்தனையோ இசைக்குழு நடத்துநர்களையும் குரல்களையும் அருகிலிருந்து கண்டவர். வசதியற்ற முதிய இசைக்கலைஞர்களுக்காக மிலான் நகரில் இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் வெர்டி தம் செலவில் ஓர் இல்லம் கட்டினார். அவர் மறைவுக்குப் பின் 1902-இல் அது திறக்கப்பட்டது. புகழ் பெறாதவர்களின் முதுமையையும் அவர் எண்ணிப் பார்த்தார் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கேள்வி: தேதிகளை மாற்றிச் சொல்கிறார். திருத்தலாமா?

அப்போது வேண்டாம். பிறகு நிகழ்ச்சி நிரல் தாளோடு ஒப்பிட்டு, தனிக் குறிப்பாக எழுதி வையுங்கள்.

கேள்வி: சக பாடகர் ஒருவரைப் பற்றிச் சொன்ன பகுதியைத் தம் காலத்துக்குப் பிறகே வெளியிட வேண்டும் என்கிறார்.

அந்த விருப்பத்தை அவர் கையெழுத்தோடு எழுதி வாங்கி, அந்தப் பகுதியைத் தனிக் கோப்பாகப் பிரித்துவிடுங்கள். மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள். எழுதிய தாளை அவருக்கு ஒருமுறை படித்துக் காட்டி, மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள்.