கறுப்புத் திரை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: படமும் பொத்தானும் இல்லாமல், வெறும் கட்டளை வரியிலிருந்து லினக்ஸ் நிறுவுவது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

அக்கா, ஆர்ச் லினக்ஸ் நிறுவினேன். பென்டிரைவிலிருந்து இயக்கியபோது வைஃபை நன்றாக வேலை செய்தது. நிறுவி முடித்து ரீபூட் செய்தால் இணையம் இல்லை. சரிசெய்ய மென்பொருள் வேண்டும், மென்பொருள் இறக்க இணையம் வேண்டும்! மூன்று முறை முதலிலிருந்து நிறுவியும் இதே கதை. வைஃபை கார்டு கெட்டுவிட்டதா? (கல்லூரி மாணவர்)

கார்டு நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. பென்டிரைவில் வேலை செய்ததே, அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

மென்பொருள்களை டிஸ்க்கில் ஏற்றும் பேக்ஸ்ட்ராப் கட்டளைக்கு நீங்கள் கொடுத்தது வழக்கமான மூன்று பெயர்களாக இருக்கும்: பேஸ், லினக்ஸ், லினக்ஸ்-ஃபர்ம்வேர். இந்த மூன்றிலும் வைஃபையில் நுழைந்து பாஸ்வேர்டு சொல்லி இணைக்கிற ஆள் கிடையாது. பென்டிரைவில் அந்த வேலையைப் பார்த்தது ஐடபிள்யூடி என்ற சின்ன நிரல். ஐடபிள்யூசிடிஎல் என்று தட்டி இணைத்தீர்களே, அதற்குப் பின்னால் நின்றது அதுதான். பென்டிரைவோடு வந்தது, பென்டிரைவோடு போய்விட்டது. நீங்கள் கேட்கவில்லை, அதனால் டிஸ்க்கில் ஏறவில்லை. நானோ என்று தட்டிப் பாருங்கள், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று சொல்லும். கோப்பைத் திருத்த ஒரு எடிட்டர்கூட நாம் கேட்டால்தான் வரும். 2019 அக்டோபர் வரை பேஸ் என்று சொன்னாலே கர்னல் (லினக்ஸின் மையக் கரு), நானோ எல்லாம் சேர்ந்து வந்தன. அப்புறம் அதை இளைக்க வைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய குறிப்பை வைத்துக்கொண்டு நிறுவுகிறவர்கள் கர்னலே இல்லாத கணினியோடு முழிப்பார்கள். உங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை.

இனிமேல் நான்காவது முறை நிறுவாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு வருத்தம் தந்தது அந்த "மூன்று முறை"தான். அதே பென்டிரைவைச் செருகி அதிலிருந்து பூட் செய்யுங்கள். ஐடபிள்யூசிடிஎல் மூலம் வைஃபையை இணையுங்கள். ஃபார்மட் பக்கமே போக வேண்டாம். ரூட் பார்ட்டிஷனை (லினக்ஸ் நிறுவிய டிஸ்க் பகுதியை) எம்என்டி என்ற அடைவில் மவுன்ட் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். பூட் பார்ட்டிஷன் தனியாக இருந்தால் அதையும் நிறுவும்போது எங்கே மவுன்ட் செய்தீர்களோ அங்கேயே செய்யுங்கள். பிறகு ஆர்ச்-சிரூட் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு எம்என்டி.

திரையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. கர்சருக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ஆனால் இப்போது நீங்கள் டிஸ்க்கில் நிறுவிய கணினிக்குள் நிற்கிறீர்கள். கர்னலும் இணையமும் பென்டிரைவுடையவை, கோப்புகள் எல்லாம் உங்களுடையவை. இந்த நிலையில் பேக்மேன் என்ற மென்பொருள் நிறுவி கொண்டு, வைஃபையை இணைக்கும் நெட்வொர்க்மேனேஜரை நிறுவினால் அது டிஸ்க்கில் போய் உட்காரும். நானோவையும் கையோடு நிறுவிவிடுங்கள்.

இத்தோடு எழுந்துவிடாதீர்கள், பலர் இரண்டாவது முறை விழுகிற இடம் இது. நிறுவினால் மட்டும் அது தானாக ஓடாது. சிஸ்டம்சிடிஎல் எனேபிள் என்று தட்டி, அடுத்து நெட்வொர்க்மேனேஜர் என்று கொடுக்க வேண்டும். நிறுவும்போது அந்தப் பெயர் முழுக்கச் சிறிய எழுத்து. எனேபிள் செய்யும்போது என், எம் இரண்டும் பெரிய எழுத்து. ஏன் இப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள், எழுதியவர்களுக்கே வெளிச்சம். எனேபிளுக்குப் பதில் ஸ்டார்ட் என்று கொடுத்தால், சிரூட்டுக்குள் இருக்கிறாய், முடியாது என்று மறுத்துவிடும். பயப்படாதீர்கள், அது சரியான பதில்தான். எக்ஸிட், ரீபூட். உள்ளே வந்ததும் என்எம்டியுஐ என்று தட்டினால் வைஃபைப் பெயர்கள் ஒரு பட்டியலாக வரும்.

பாஸ்வேர்டு மறந்தாலும், கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் ஏறாமல் போனாலும், எந்தப் பார்ட்டிஷன் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி கெட்டாலும் இதே வழிதான்: பென்டிரைவ், மவுன்ட், சிரூட். எனவே நிறுவி முடித்ததும் அந்தப் பென்டிரைவை அழித்து வேறு வேலைக்கு எடுத்துவிடாதீர்கள்.

மேடம், லினக்ஸ் நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் எழுத டிடி கட்டளை போதும் என்கிறார்கள். டிஸ்க்குகளின் பெயர்கள் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று வரிசையாக இருக்கின்றன. இதில் என் பென்டிரைவ் எது? தவறாகக் கொடுத்தால் என்ன ஆகும்? என்டர் தட்டக் கை நடுங்குகிறது. (பணி ஓய்வு பெற்ற வாசகர்)

நடுங்கட்டும் ஐயா. நடுங்காத கையோடு ஒருநாள் நான் என்டர் தட்டினேன். எஸ்டிபி-தான் பென்டிரைவ் என்று முந்தைய நாள் பார்த்த நினைவு. அன்றைக்கு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் செருகியிருந்தது, எஸ்டிபி என்ற பெயர் அதற்குப் போயிருந்தது. டிடி நம்மிடம் "நிச்சயமா?" என்று கேட்காது. சொன்னதைச் சொன்ன இடத்தில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். குடும்பப் படங்கள் இருந்த டிஸ்க்கின் தலைப்பகுதியில் ஒரு லினக்ஸ் உட்கார்ந்துகொண்டது. ஐஎஸ்ஓ எழுதிய இடம் போனது போனதுதான். அதற்கு அப்பால் இருந்த படங்களை ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருளால் மீட்டேன். அது கோப்பின் உள்ளடக்கத்தை வைத்து அடையாளம் கண்டு எடுப்பதால் பழைய பெயர்கள் கிடைக்காது. எஃப் என்ற எழுத்தும் நீளமான எண்ணுமாக ஆயிரக்கணக்கில் கோப்புகள். எது எந்த வருடம், எந்த விசேஷம் என்று இன்னும் பிரித்து முடியவில்லை.

கர்னல் எந்த டிஸ்க்கை முதலில் பார்க்கிறதோ அதற்கு முதல் பெயர். அடுத்த தடவை பார்க்கிற வரிசை மாறினால் பெயரும் மாறும். ஆகவே நேற்றைய பெயரை இன்று நம்பக் கூடாது. பென்டிரைவைச் செருகாமல் எல்எஸ்பிஎல்கே என்று ஒருமுறை தட்டுங்கள். பிறகு செருகிவிட்டு இன்னொரு முறை. இரண்டாவது பட்டியலில் புதிதாக வந்த வரிதான் உங்களுடையது. பக்கத்தில் இருக்கும் கொள்ளளவையும் பாருங்கள். 16 ஜிபி பென்டிரைவ் 14.9 என்பதுபோல் கொஞ்சம் குறைத்துத்தான் தெரியும், அது 1024-ஆல் வகுக்கிற கணக்கு. எழுதும்போது எண் இல்லாத முழுப் பெயரைக் கொடுங்கள்: எஸ்டிபி, எஸ்டிபி1 அல்ல. பார்ட்டிஷனில் எழுதினால் பூட் ஆகாது. கர்சர் திரும்பி வந்த பிறகும் மிச்சத்தையும் எழுதி முடிக்கச் சொல்லும் சிங்க் கட்டளை கொடுத்து, அது முடிந்த பிறகே உருவுங்கள்.

இதே காரணத்தால்தான் எஃப்எஸ்டேப் கோப்பில் இந்தப் பெயர்களை எழுதுவதில்லை. ஜென்எஃப்எஸ்டேப் கட்டளைக்குக் கழித்தல் குறியும் பெரிய யு எழுத்தும் கொடுத்தால், எங்கே செருகினாலும் மாறாத யுயுஐடி எண்ணை அதுவே எழுதிவிடும்.

ஆர்ச்இன்ஸ்டால் என்ற தானியங்கி நிறுவியை வைத்து ஆர்ச் நிறுவினால் அது ஏமாற்று வேலையா?

இல்லை. ஆர்ச் திட்டத்துக்காரர்களே 2021 ஏப்ரல் முதல் ஐஎஸ்ஓ-வில் சேர்த்துத் தருகிறார்கள். அதற்கு முன்னால் இருந்த ஒரு நிறுவியை 2012-இல் எடுத்துவிட்டிருந்தார்கள், இடைப்பட்ட ஒன்பது வருடம்தான் எல்லோரும் கையால் செய்தோம். அந்தப் பெருமையை இன்னும் சிலர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் வேலை அவசரத்தில் இதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் கையால் ஒருமுறைகூடச் செய்யாதவர், மேலே தம்பிக்குச் சொன்ன பழுது வந்தால் எதை எங்கே மவுன்ட் செய்வது என்று தெரியாமல் நிற்பார். அதற்காகவாவது ஒரு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினியில்) ஒரு தடவை செய்து பாருங்கள்.

தமிழிலேயே செய்திகள் வரட்டும் என்று மொழியைத் தமிழாக வைத்தேன். ரீபூட் செய்தால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது. லினக்ஸுக்குத் தமிழ் தெரியாதா? (வாசகி)

தெரியும். அந்தக் கறுப்புத் திரைக்குத்தான் தெரியாது. லினக்ஸ் கன்சோல் என்ற அந்தத் திரையின் எழுத்துருவில் அதிகபட்சம் 512 உருவங்கள்தான் அடங்கும், அதிலும் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. நம் எழுத்து அப்படி நடந்துகொள்ளாது. "கொ" என்று எழுதினால் கோப்பில் முதலில் க, அடுத்து ஒகரக் குறி. திரையில் வரையும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். அதைச் செய்ய ஹார்ஃப்பஸ் போன்ற ஒரு நிரல் வேண்டும். கன்சோலில் அது கிடையாது, எழுத்துருவை மாற்றினாலும் வராது.

கன்சோலுக்கு ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளுங்கள். மொழிகளைப் பட்டியலிடும் லோகேல்.ஜென் கோப்பில் ஆங்கில வரியோடு, டிஏ என்று தொடங்கும் தமிழ் வரிக்கு முன்னால் இருக்கும் # குறியையும் எடுத்துவிட்டு லோகேல்-ஜென் கட்டளையை ஓட்டுங்கள். நோட்டோ எழுத்துருக்களையும் நிறுவுங்கள். டெஸ்க்டாப் வந்த பிறகு அதன் அமைப்புகளில் தமிழைத் தேர்ந்தால் சரியாக வரும். எல்லா நிரல்களும் முழுதாக மொழிபெயர்க்கப்பட்டிருக்காது, பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக வந்தால் அது உங்கள் தவறு அல்ல.

பழைய 32 பிட் கணினியில் ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் போட்டேன், பறக்கிறது. ஆனால் வெளியிலிருந்து இறக்கிய ஒரு நிரலை இயக்கினால் "நாட் ஃபவுண்ட்" என்கிறது. கோப்பு கண்முன்னே இருக்கிறதே!

நல்ல தேர்வு. ஆர்ச் 2017-இலேயே 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது. ஆல்பைன் டிஸ்க்கில் சுமார் 130 எம்பி-யில் அடங்கிவிடும். அந்தச் செய்தி உங்கள் கோப்பைப் பற்றியது அல்ல. பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் ஜிலிப்சி என்ற நூலகத்தை நம்பிக் கட்டப்பட்டவை. ஆல்பைனில் இருப்பது மஸல் என்ற வேறொரு நூலகம். நிரலை ஏற்றிவிட வேண்டிய ஜிலிப்சி ஏற்றி அங்கே இல்லை, அதைத்தான் காணோம் என்கிறது. எதைக் காணோம் என்று சொல்லாதது அதன் குறும்பு. ஆல்பைனின் மென்பொருள் நிறுவியான ஏபிகே மூலம் அதே நிரல் கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

இன்னொன்று: நிறுவும்போது செட்டப்-ஆல்பைன் கேட்ட கேள்விகளில், டிஸ்க்கை எப்படிப் பயன்படுத்த என்பதற்கு "சிஸ்" என்று பதில் கொடுத்தீர்களா? டிஸ்க்கே வேண்டாம் என்று கொடுத்திருந்தால் எல்லாம் ரேமில்தான் ஓடும், மாற்றங்களைச் சேமிக்கும் எல்பியு கமிட் கட்டளை கொடுக்காமல் அணைத்தால் செய்த மாற்றங்கள் போய்விடும்.

பாஸ்வேர்டு தட்டினால் திரையில் நட்சத்திரம்கூட வரவில்லை. கீபோர்டு வேலை செய்கிறதா என்றே தெரியவில்லை. பிறகு "லாகின் இன்கரெக்ட்" என்கிறது.

நட்சத்திரம் வராது, எத்தனை எழுத்து என்பதுகூடப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. பாஸ்வேர்டில் எண்கள் இருந்து, அவற்றை வலப்பக்க எண் பலகையில் தட்டுகிறீர்களா? கன்சோலில் நம்லாக் பெரும்பாலும் அணைந்துதான் இருக்கும். மேல் வரிசை எண்களில் தட்டிப் பாருங்கள். அப்படியும் சந்தேகம் என்றால், பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பாஸ்வேர்டைத் தட்டுங்கள், அங்கே எழுத்து தெரியும். எந்த எழுத்து மாறி விழுகிறது என்று பார்த்துவிட்டு, என்டர் தட்டாமல் அழித்துவிடுங்கள்.