அந்த ஜி-யையும் எச்-சையும் என்ன பண்றது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு வீட்டில் நான்தான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஓ, யூ, ஜி, எச் நான்கும் சேர்ந்து வரும் சொற்கள் எங்கள் இருவரையும் படுத்துகின்றன. ‘ஆனாலும்’ என்றால் தோ, ‘வழியாக’ என்றால் த்ரூ, இருமல் என்றால் காஃப், கலப்பை என்றால் ப்ளவ். போன வாரம் வகுப்பில் ‘டஃப்’ என்பதை ‘டௌக்’ என்று படித்துவிட்டாளாம். எல்லோரும் சிரித்ததிலிருந்து சத்தமாகப் படிக்கவே மாட்டேன் என்கிறாள். இதற்கு விதி ஏதாவது உண்டா? இல்லாவிட்டால் முழுப் பட்டியல் கிடைத்தால்கூடப் போதும், மனப்பாடம் செய்துவிடலாம். எழுதியதை அப்படியே படிக்கும் தமிழ் எங்கே, இந்த முட்டாள் மொழி எங்கே!

ச.

அன்புள்ள ச.,

பட்டியல் அப்புறம். முதலில் உங்கள் கடைசி வரி.

எழுதியதை அப்படியே படிக்கிறோமா? ‘பாவம்’ என்று எழுதி, தமிழைப் புதிதாகக் கற்கும் ஒருவரிடம் நீட்டிப் பாருங்கள். செய்த பாவமா, முகத்தில் காட்டும் பாவமா என்று எழுத்து சொல்லாது, நம் வாய்தான் சொல்கிறது. ‘கங்கை’யில் இரண்டு க இருக்கின்றன, இரண்டுமே ‘கண்’ணில் வரும் க இல்லை. இதையெல்லாம் விடுங்கள், ‘அரை’யையும் ‘அறை’யையும் நீங்கள் கடைசியாக எப்போது வேறுபடுத்திச் சொன்னீர்கள்? நம்மில் பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒன்றாகி ரொம்ப நாளாயிற்று. ந, ன கதையும் அதுதான். ஒலி கிளம்பிப் போய்விட்டது, எழுத்து மட்டும் இருக்கிறது. ‘அறை மணி நேரம்’ என்று பிள்ளை எழுதினால் பிள்ளையைத் திட்டுகிறோம், தமிழையா திட்டுகிறோம்? ஆங்கிலக்காரன் செய்தால் மட்டும் முட்டாள்தனம். இந்தப் பேச்சை உங்கள் மகள் காதில் போட வேண்டாம், தயவுசெய்து.

இன்னொன்றும் வரும், பார்த்துக்கொண்டே இருங்கள். மீனைக் குறிக்கும் ‘ஃபிஷ்’ஷை ஜி, எச், ஓ, டி, ஐ என்று எழுதலாம், ‘இனஃப்’பில் ஜி-எச் ஃப், ‘விமன்’னில் ஓ இ, ‘நேஷன்’னில் டி-ஐ ஷ், நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா சொன்னார் என்று யாராவது உங்களுக்கு அனுப்புவார்கள். ஷா பிறப்பதற்கு முன்பே, 1855-இல் எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் அந்தக் கிண்டல் இருக்கிறது. தவிர, சொல்லின் தொடக்கத்தில் வரும் ஜி-எச் எந்தக் காலத்திலும் ஃப் ஆனதில்லை. போகட்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ‘டௌக்’தான். அந்த ஜி-யும் எச்-சும் சும்மா வந்து உட்கார்ந்தவை அல்ல. ஒரு காலத்தில் அங்கே ஒலி இருந்தது. ‘மகன்’ என்று வேகமாகச் சொல்லும்போது நடுவில் ஒரு க தொண்டையை உரசிக்கொண்டு போகிறதே, அதை இன்னும் கொஞ்சம் காற்றாக்கிச் சொன்னால் கிட்டத்தட்ட வந்துவிடும். இரவைக் குறிக்கும் ‘நைட்’டைப் பழைய ஆங்கிலத்தில் எச் மட்டும் போட்டு எழுதினார்கள், ‘நிஹ்ட்’ என்று படித்தார்கள். 1066-இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் நாளடைவில் அதே ஒலிக்கு ஜி-யையும் எச்-சையும் சேர்த்து எழுத ஆரம்பித்தார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றும் இரவை ‘நஹ்ட்’ என்றும், மகளை ‘டோஹ்டர்’ என்றும் அந்த உரசலோடுதான் சொல்கிறார்கள்.

காக்ஸ்டன் என்பவர் 1476-இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைக்கிறார். அச்சில் எழுத்து மெல்ல மெல்ல உறையத் தொடங்குகிறது, வாயோ தன் பாட்டுக்கு மாறிக்கொண்டே இருக்கிறது. சில சொற்களில் உரசல் தேய்ந்து காணாமலே போனது: த்ரூ, தோ. சிலவற்றில் முன்னால் இருந்த உயிரொலிக்காகக் குவிந்த உதடு, அந்த உரசலையும் தன் பக்கம் இழுத்து ஃப் ஆக்கிவிட்டது: டஃப், காஃப், இனஃப். ஒரு வட்டாரத்தார் ஒன்றைச் செய்தார்கள், இன்னொரு வட்டாரத்தார் வேறொன்றை, பொது ஆங்கிலம் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் எடுத்துக்கொண்டது. இதற்கு விதி கேட்டால் நான் எங்கே போவேன்? ஒட்டுண்ணிகளும் உண்டு. ‘டிலைட்’ பிரெஞ்சிலிருந்து வந்தபோது ஜி-யும் இல்லை, எச்-சும் இல்லை. ‘லைட்’டைப் பார்த்து மாட்டிக்கொண்டது. விக்கலையும் ஒரு வகை இருமல் என்று நினைத்த யாரோ ‘ஹிக்கப்’பின் வாலில் காஃபின் எழுத்துகளைத் தைத்தார்கள், படிப்பது என்னவோ ஹிக்கப்தான்.

என் அப்பா எழுத்தெழுத்தாகக் கூட்டித் தானே ஆங்கிலம் படித்தவர். ஒரு நாள் ராத்திரி எங்கள் கதைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார், குதிரைவீரனைக் குறிக்கும் சொல் வந்தது. ‘க்-நிக்-ட்’ என்றார். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் பெரிய மனுஷன் தோரணையில், “அது நைட், அப்பா” என்றேன். அவர் விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார். “கே இருக்கு. ஜி இருக்கு, எச் இருக்கு. இதையெல்லாம் என்ன பண்றது?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அதற்கப்புறம் எங்கள் முன்னால் சத்தமாகப் படிக்கவே இல்லை. உதடு மட்டும் அசையும்.

அவர் போய்ப் பல வருஷம் கழித்து, பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் வரிகளை அந்தக் கால உச்சரிப்பில் ஒருவர் படித்த ஒலிப்பதிவைக் கேட்டேன். ‘க்னிஹ்ட்’ என்றார். கே-யும் இருந்தது, அந்த உரசலும் இருந்தது. அதை நிறுத்தி, திரும்ப ஓடவிட்டு, திரும்பக் கேட்டேன்.

சரி, பட்டியல் கேட்டீர்கள். முழுப் பட்டியல் தரமாட்டேன், அதை மனப்பாடம் செய்யவைத்தால் அந்தப் பெண் ஆங்கிலத்தையே வெறுத்துவிடுவாள். அந்த நான்கு எழுத்துக்குப் பின்னால் டி வந்தால் அநேகமாக ‘ஆட்’: தாட், பாட், ஃபாட், ப்ராட். வறட்சியைச் சொல்லும் ‘ட்ரவ்ட்’ மாதிரி ஒன்றிரண்டு முரண்டு பிடிக்கும். ஃப் என்று முடிபவற்றில் அன்றாடம் புழங்குவது ரஃப், டஃப், இனஃப், காஃப் அவ்வளவுதான். மற்றவை படிக்கப் படிக்க வரும்.

இன்றைக்கு அவளை அந்த ‘டௌக்’கை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள், கடைசி க-வைக் கொஞ்சம் உரசி. வகுப்பில் டஃப் என்றே சொல்லட்டும்.