60,000 வெள்ளியைப் பூந்தோட்டத்தில் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 26 ஆண்டுகள் வேலை செய்து, வி.எஸ்.எஸ் (விருப்ப விலகல் திட்டம்) வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் அரை ஏக்கர் நிலத்தை மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்) வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். செண்டுமல்லியும் மல்லிகையும் போட்டு பட்டர்வொர்த், ஜார்ஜ்டவுன் பூக்கடைகளுக்குக் கொடுக்க யோசனை. மழைக்கூரை, பம்பு, சொட்டுநீர்க் குழாய்க்கு 38,000 ஆகும். மாதம் 4,500 வெள்ளிக்குப் பூ விற்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மனைவி வீட்டிலேயே மாலை கட்டி விற்கிறார். இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) செஜாத்தெரா கணக்கில் இருக்கும் 60,000 வெள்ளியை எடுத்து இதில் போடலாமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: 50 வயது தாண்டிவிட்டதால் அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுக்க உங்களுக்குத் தடை ஒன்றும் இல்லை. ஆனால் 60,000 எடுக்காதீர்கள். இப்போதைக்கு 10,000 போதும். ஏன் என்று உங்கள் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

4,500 என்பது பறித்த பூ அத்தனையும் விற்றால் வரும் தொகை. பூ அப்படி விற்காது. இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் செண்டுமல்லி அழுக ஆரம்பித்துவிடும். சில நாள் கடைக்காரரே "நேற்று எடுத்ததே இன்னும் கிடக்கு" என்று திருப்பி அனுப்புவார். கால் பங்கு இப்படிக் கழியும் என்று வைத்தால் 3,375. வாடகை, விதை, உரம், மருந்து, மின்சாரம், பெட்ரோல், பாலத்து டோல் எல்லாவற்றுக்கும் என் மதிப்பில் 1,350 போகும், மிச்சம் 2,025. கூரை பிளாஸ்டிக் நம் ஊர் வெயிலில் சில ஆண்டுகளில் நொறுங்கிவிடும். அதை மாற்ற மாதம் 300 எடுத்து வைத்தால் கையில் நிற்பது 1,725 வெள்ளி. நாட்டில் ஒரு ஆளுக்குக் குறைந்தபட்சச் சம்பளமே 1,700. விடியுமுன் எழுந்து இரண்டு பேர் பாடுபட்டு ஒருவர் சம்பளத்தை எடுக்கப் போகிறீர்கள். போட்ட 38,000 திரும்பி வருவதை நான் இன்னும் இதில் சேர்க்கவே இல்லை.

அந்த 60,000 இருக்கிற இடத்திலேயே இருந்தால்? இ.பி.எஃப் 2023இல் 5.5 விழுக்காடும் 2024இல் 6.3 விழுக்காடும் ஈவு கொடுத்தது. குறைத்து 5 விழுக்காடு என்றே வைப்போம். உங்களுக்கு 60 வயது ஆகும்போது அது ஏறக்குறைய 93,000 ஆகியிருக்கும். ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

அடுத்தது நிலம். "தெரிந்தவர்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கிராண்ட் (நிலப் பட்டா) யார் பெயரில் இருக்கிறது? நில அலுவலகத்தில் ஒரு நடை போய்ப் பாருங்கள். அது டி.ஓ.எல் நிலமாக, அதாவது தற்காலிக உரிமத்தில் தரப்பட்ட அரசாங்க நிலமாக இருந்தால் உரிமம் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும், ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கும் உரிமையும் அவருக்குக் கிடையாது. அங்கே 38,000 வெள்ளிக்குக் கூரை போடுவது அடுத்தவர் வீட்டுக்கு மாடி கட்டுகிற மாதிரி. கிராண்ட் அவர் பெயரிலேயே இருந்தால் மூன்று ஆண்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். மூன்று ஆண்டைத் தாண்டினால் அதை நில அலுவலகத்தில் பதிய வேண்டியிருக்கும். மல்லிகை போடுவதாக இருந்தால் இந்த ஒப்பந்தம் முக்கியம். செடி சில மாதங்களில் பூக்கத் தொடங்கினாலும் சொல்லிக்கொள்கிற மகசூல் இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் வரும். அதுவரை நிலம் உங்களிடம் இருக்க வேண்டாமா?

சரி, பூவுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்ததே கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, மனைவி மாலை கட்டுகிறார் என்று, அந்த வரிதான். பூவைக் கிலோவாகக் கொண்டுபோனால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. பணமும் பல நேரம் மாசக் கடைசியில்தான் வரும், அதுவும் இரண்டு முறை கேட்ட பிறகு. மாலையாகக் கட்டி, கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ முன்பணம் வாங்கிக் கொடுத்தால் விலையை நீங்கள் சொல்லலாம். ஆகவே தோட்டத்தைப் பூக்கடைக்காகத் திட்டமிடாதீர்கள். உங்கள் மனைவி இப்போது வெளியே காசு கொடுத்து வாங்கும் பூவை முதலில் தோட்டத்திலிருந்து எடுங்கள். விற்க முடியுமோ முடியாதோ என்ற கவலையே இல்லாத வருமானம் அது.

ரோஜா, செவ்வந்தி பக்கம் போகவே வேண்டாம். அவை குளிர் கேட்கிற பூ. கேமரன் மலையோடு போட்டி போட்டு நம் வெக்கையில் ஜெயிக்க முடியாது. செண்டுமல்லி, கோழிக்கொண்டை, வாடாமல்லி வெயிலைத் தாங்கும். செண்டுமல்லி விதைத்து இரண்டு மாதத்தில் பூவுக்கு வந்துவிடும். அதனால் எந்தப் பண்டிகைக்கு என்று முன்பே தேதி குறித்து விதைக்கலாம். புரட்டாசி, நவராத்திரி, தீபாவளி மூன்றும் பினாங்கின் பெருமழைக் காலத்தில் வருகின்றன. மேட்டுப் பாத்தி இல்லாமல் அப்போது செண்டுமல்லியை நம்ப முடியாது. தைப்பூசம் வருவது வறண்ட மாதங்களில், அதற்கு நவம்பரில் விதைத்தால் சரியாக இருக்கும்.

மல்லிகையிலும் ஒரு வாய்ப்பு தெரிகிறது. இங்கே விற்கும் மல்லிகையில் நிறைய தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வருவது. மார்கழி, தை பனியில் அங்கே விளைச்சல் குறைந்து விலை எகிறிவிடும். நமக்கு அப்போதுதான் தைப்பூசம், நம் ஊரில் பனியும் இல்லை. ஆனால் மொட்டு விரிவதற்குள் கையால் பறித்தாக வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். உங்கள் இருவர் கைக்கு ஐம்பது, அறுபது செடி போதும் என்பேன்.

10,000 வெள்ளியில் கால் ஏக்கருக்கும் குறைவாகத் தொடங்குங்கள். கூரை வேண்டாம், மேட்டுப் பாத்தி, குழாய், நல்ல விதை போதும். தொழிலை எஸ்.எஸ்.எம்மில் (நிறுவன ஆணையம்) பதிந்துவிடுங்கள். வேலையில் அடிபட்டால் கைகொடுக்கும் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் திட்டத்தில் சேருங்கள். பாம்பும் மண்வெட்டியும் உள்ள வேலை இது. சம்பளம் நின்றுவிட்டதால் இ.பி.எஃப்பின் ஐ-சாரான் திட்டத்தையும் பாருங்கள். நீங்களாகவே ஆண்டுக்கு 2,500 வெள்ளி போட்டால் அரசாங்கம் 500 வெள்ளி வரை சேர்க்கிறது.

ஒரு நோட்டு வாங்கி, எத்தனை கிலோ பறித்தீர்கள், எத்தனை கிலோ குப்பைக்குப் போனது, எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்று தினமும் எழுதுங்கள். மனைவியின் நேரத்தைத் தனியாக எழுதுங்கள். தைப்பூசம் முடிந்ததும் அந்த நோட்டோடு எனக்கு மறுபடி எழுதினால் மீதி 50,000 பற்றி அப்போது பேசலாம்.