எல்லையை ஒட்டி எவ்வளவு தூரம் வரை கட்டலாம்? கேள்வி பதில்

கேள்வி: மனை சின்னது. எல்லை வரைக்கும் சுவரை எழுப்பிவிடலாமா?

பதில்: பெரும்பாலான இடங்களில் விட மாட்டார்கள், விடுகிற இடத்திலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஜப்பானின் சிவில் சட்டம் எல்லையிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டச் சொல்கிறது. கட்டடத்தின் உயரம், ரோட்டின் அகலம் எல்லாம் பார்த்துக் கணக்குப் போடுகிற ஊர்களும் உண்டு. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் விட்ட அளவைப் பார்த்து நீங்களும் விடாதீர்கள், அவர் கட்டியபோது விதி வேறாக இருந்திருக்கலாம். உங்கள் மனைக்கு எவ்வளவு என்று அனுமதி தருகிற அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அளவை எங்கிருந்து எடுப்பது? காம்பவுண்டு சுவரிலிருந்தா?

பதில்: இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். காம்பவுண்டு என்பது யாரோ ஒருவர் கட்டிய சுவர், அதுவே எல்லை என்று சொல்ல முடியாது. சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைக் கண்டுபிடித்து, கல்லுக்குக் கல் நூல் கட்டி, அந்த நூலிலிருந்து அளந்துகொள்ளுங்கள். நான் போன ஒரு மனையில் நூல் கட்டியதும், பழைய வேலி ஒரு மூலையில் சரியாகவும் மறுமூலையில் ஒரு முழம் வெளியேயும் நின்றது. வேலியை நம்பி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டியிருந்தால் ஒரு மூலை பக்கத்து மனையில் இருந்திருக்கும். அப்புறம் பூச்சையும் கணக்கில் சேருங்கள். செங்கல்லுக்கு மட்டும் அளந்து சரியாக ஒரு மீட்டர் விட்டால், பூசி முடித்ததும் இரண்டு சென்டிமீட்டர் குறையும்.

கேள்வி: சன்ஷேடு இடைவெளிக்குள் வரலாமா?

பதில்: ஓரளவுக்கு விடும் விதிகள் உண்டு. ஆனால் அதன் நுனியிலிருந்து தூக்குக்குண்டை விட்டால் குண்டு உங்கள் மண்ணில் விழ வேண்டும், அதில் வடியும் மழைத் தண்ணீரும் அப்படித்தான்.

கேள்வி: பக்கத்தில் பழைய வீடு. வானம் தோண்டப் பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். அடித்தளம் சுவரைவிட அகலமானது, ஆகவே சுவர் எல்லையில் நின்றால் அடித்தளம் மண்ணுக்கடியில் அடுத்தவர் நிலத்துக்குள் போய்விடும். அதைத் தவிர்க்க ஒருபக்க ஃபுட்டிங் (உங்கள் மனைப் பக்கமாக மட்டும் அகலும் அடித்தளம்) போட்டு, உள்ளே இருக்கும் ஃபுட்டிங்கோடு பீமால் இணைப்பார்கள். இதைக் கொத்தனாரின் அனுபவத்துக்கு விடாமல் பொறியாளரிடம் வரைபடமாக வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டினால் அதன் அடிமண் சரியலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996-ம் ஆண்டுச் சட்டப்படி, பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அப்படித் தோண்டுவதானால் குறைந்தது ஒரு மாதம் முன்பே அவருக்கு எழுத்தில் சொல்லியாக வேண்டும். உங்கள் ஊரில் அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள், அவர் வீட்டு விரிசல்களைத் தேதியோடு படமெடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். முழு நீளத்தையும் ஒரேயடியாகத் திறக்காமல் துண்டு துண்டாகத் தோண்டி, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மழைக்காலத்தில் திறந்த வானத்தை ஒருநாள்கூட விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: அந்தப் பக்கம் ஜன்னல் வைக்கலாமா?

பதில்: ஜன்னலுக்குத் தனி அளவு இருக்கும். பக்கத்து மனையை நேராகப் பார்க்கும் ஜன்னலுக்கு பிரான்சின் சிவில் சட்டம் 1.90 மீட்டர் கேட்கிறது. தனிமை ஒரு காரணம், தீ இன்னொரு காரணம். ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குத் தாவ ஜன்னலும் ஒரு வழி.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் வாயால் சம்மதம் சொல்லிவிட்டார், போதாதா?

பதில்: போதாது. விதியைத் தளர்த்த அவருக்கு அதிகாரம் இல்லை, நாளைக்கு அவர் விற்றுவிட்டால் வாங்குபவரை அந்தப் பேச்சு கட்டுப்படுத்தாது.

கேள்வி: எங்கள் சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நடுவே ஒரு சாண்தான். உள்ளே ஓதம் அடிக்கிறது.

பதில்: அந்தச் சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். கட்டும்போது விழுந்த கலவையும் செங்கல் துண்டும் அடியில் குவிந்து, மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாரம் கட்ட இடமில்லாததால் வெளிப்பக்கம் பூசாமலே விட்டிருப்பார்கள். நீளக் கம்பியால் குப்பையை இழுத்து வெளியே எடுங்கள். பக்கத்துக்காரரோடு பேசி, சந்தின் மேல்வாயைத் தகரத்தால் மூடி, தண்ணீர் உங்கள் பக்கமே வடிகிற மாதிரி சரிவு கொடுங்கள். உள்சுவருக்கு நீர்த்தடுப்புப் பூச்சு அதற்குப் பிறகுதான், சுவர் நன்றாகக் காய்ந்த பின்.