ரிட்டயர் ஆன பிறகு 'செயலூக்க ஓய்வு' என்கிறார்களே, அது என்ன?

சம்பள வேலை முடிந்த பிறகும், வாரத்தில் சில நாளாவது யாரோ ஒருவர் குறித்த நேரத்தில் நம்மை எதிர்பார்த்திருக்கும்படி வாழ்வதுதான் அது.

தமிழக அரசு ஊழியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். மறுநாளிலிருந்து நிற்பது சம்பளம் மட்டுமல்ல. காலையில் கிளம்பும் ஒழுங்கு, டீக்கடைக்குக் கூட வரும் சகாக்கள், "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்ற குரல் எல்லாம் சேர்ந்தே போகின்றன. பந்தலைப் பிரித்த புடலங்கொடி மாதிரி: வேரில் குறையில்லை, படர இடமில்லை.

அதனால் முதலில் ஒரு பந்தக்கால் நடுங்கள். வாரம் இரண்டு நாள், இரண்டு மணி நேரம், ஒரே இடம் போதும். பதவியை விட்டுவிட்டுத் திறமையை மட்டும் எடுத்துப் போங்கள். கணக்குப் பிரிவில் இருந்தவர் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு நோட்டு எழுதப் பழக்கலாம். ஆசிரியர் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம். மூன்று மாதம் பார்த்தும் ஒட்டவில்லையென்றால் மாற்றுங்கள்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். யோகா, கீபோர்டு, மாடித்தோட்டம் என எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்குவது ஒன்று. போன இடத்திலும் அதிகாரியாகவே பேசுவது மற்றொன்று; இதுதான் ஆட்களை வேகமாக விரட்டும்.

உடம்புக்கு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. வேக நடையும் கணக்கில் சேரும்.

ஓய்வின்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடையைப் போட்டுக் கடை திறப்பதுதான் செயலூக்க ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். அது முதலீடு, பணம் போகவும் வாய்ப்புண்டு, இதற்கு அது தேவையே இல்லை.