சீனிப் பூக்கள் கேக்கிலிருந்து கழன்று விழாமல் இருக்க

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “ஆவணியில் மச்சாளின் கல்யாணத்துக்கு ஃபொண்டன்ட் (பிசைந்த சீனி மாவு) போர்த்திய மூன்று தட்டுக் கேக் செய்கிறேன். மண்டபம் கிளிநொச்சியில். சென்ற முறை தண்ணீர் தொட்டு ஒட்டிய பெரிய ரோஜாக்கள் வழியிலேயே கழன்றுவிட்டன. இந்த முறை எதைக் கொண்டு ஒட்டினால் நிற்கும்?”

முதலில் உங்கள் பூக்களை எடைப்படி பிரித்து வையுங்கள். உள்ளங்கையளவு ரோஜாவைக் கேக்கின் செங்குத்துப் பக்கத்தில் எந்தப் பசையும் நம்பகமாகத் தாங்காது. அதன் பாரத்தைக் கம்பியோ, கீழ்த்தட்டின் விளிம்போ சுமக்க வேண்டும். பூ நகராமல் பிடித்துக்கொள்ளத்தான் பசை. தண்ணீர் ஏன் ஏமாற்றியது என்றால், அது ஃபொண்டன்டின் மேற்பரப்பைக் கரைத்துக் கூழாக்குகிறது. கூழ் காய்வதற்குள் வண்டி குலுங்கினால் பூ வழுக்காமல் என்ன செய்யும்?

மல்லிகை போன்ற சின்னப் பூக்கள், மெல்லிய இலைகள் ஆகியவற்றுக்கு சிஎம்சி (நீரில் கரைந்து பசையாகும் உண்ணத்தக்க தூள்) பசை போதும். கொதித்தாறிய நீர் 30 மில்லிலீட்டரில் சிஎம்சி தூள் கால் தேக்கரண்டி தூவி, மூடி, ஓர் இரவு விட்டால் கட்டிகள் கரைந்து தெளிந்துவிடும். தூரிகையால் பூவின் முதுகில் ஒரு பொட்டு வையுங்கள். அதிகம் தடவினால் தண்ணீரில் நேர்ந்ததே மறுபடியும் நேரும்.

அதைவிடச் சற்றுக் கனமான, கம்பியில்லாத பூக்களுக்கு ரோயல் ஐசிங்தான் என் தெரிவு. ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்குச் சுமார் 225 கிராம் ஐசிங் சீனி, சில துளி தேசிக்காய்ச் சாறு. கரண்டியைத் தூக்கினால் முனை சாயாமல் நிற்கும் அளவுக்கு இறுக்கமாக அடியுங்கள். பச்சை முட்டை வேண்டாமென்று நினைத்தால் மெரிங் தூள் (உலர்த்திய முட்டை வெள்ளைக்கருத் தூள்) பயன்படுத்தலாம். அடித்த ஐசிங் விரைவில் ஆடை கட்டும். கிண்ணத்தை ஈரத்துணியால் மூடியே வையுங்கள். எண்ணெய்ப் பசை அதற்கு ஆகாது. ஃபொண்டன்டை வழுவழுப்பாக்க மாஜரின் தடவியிருந்தால், பூ வரும் இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

வெள்ளைச் சாக்லேட்டை உருக்கி ஒட்டச் சொல்லும் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். அது குளிர்ந்த அறைக்குச் சரி. ஆவணி வெயிலில் வன்னியில் நிற்கும் ஒரு வானுக்குள் சாக்லேட் இளகிவிடும். நம்ப வேண்டாம்.

இனிப் பெரிய ரோஜாக்கள். இவற்றைக் கம்பியில்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்தக் கம்பியையும் அதில் சுற்றிய பச்சை டேப்பையும் உண்ணும் கேக்கினுள் நேரடியாகச் செருகவே கூடாது. அவை உணவைத் தொடுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கேக் பொருட்கள் விற்கும் கடைகளில் பூ செருகுவதற்கென்றே கூர்முனையுள்ள சிறு பிளாஸ்டிக் குழாய்கள் கிடைக்கும். குழாயைக் கேக்கினுள் அதன் வாய்வரை இறக்கி, உள்ளே சிறிது ஃபொண்டன்டை அடைத்து, அதில் கம்பியைக் குத்துங்கள். பக்கவாட்டில் செருகும்போது குழாயைக் கிடையாக விடாமல், உள்முனை கீழ்நோக்கிச் சரிந்திருக்கும்படி செருகினால் பூவின் எடையே அதை உள்ளே அழுத்தும். குழாய் கிடைக்காவிட்டால் தடித்த, சுத்தமான உறிஞ்சுகுழாயை வெட்டிப் பயன்படுத்தலாம். காகிதக் குழாய் கேக்கின் ஈரத்தில் ஊறிவிடும்.

நம் பக்கத்துக் கல்யாணங்களில் கேக் தட்டுகள் சில வேளை றெஜிபோமில் (பொதி கட்டப் பயன்படும் வெள்ளை நுரைப் பலகை) செய்யப்படும். விருந்தினருக்கான ரிச் கேக் துண்டுகள் தனியே சுற்றப்பட்டிருக்கும். உங்களுடையதும் அப்படியென்றால் வேலை பாதி குறையும். கனமான பூக்கள் எல்லாவற்றையும் றெஜிபோம் தட்டுகளிலேயே அமையுங்கள். அங்கே கம்பியை நேராகக் குத்தலாம். மணமக்கள் வெட்டும் தட்டில் கம்பியில்லாத பூக்கள் மட்டும் இருக்கட்டும்.

இரண்டு தட்டுகள் சந்திக்கும் மூலையில் பூக்கொத்து வைப்பதென்றால், முதலில் ஃபொண்டன்டில் ஓர் உருண்டை பிடித்து ரோயல் ஐசிங்கால் அந்த மூலையில் பதியுங்கள். அது இறுகிய பிறகு பூக்களை அதன்மேல் சாய்த்து ஒட்டினால், பாரம் கீழ்த்தட்டில் இறங்கிவிடும்.

பற்குச்சியால் பூவைக் கேக்கோடு கோத்துவிடும் பழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. ஐசிங்குக்குள் ஒடிந்து மறைந்த குச்சி ஒரு குழந்தையின் வாய்க்குப் போகலாம். எவ்வளவு அவசரமானாலும் செய்யாதீர்கள்.

அடுத்தது பயணம். உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம், பரந்தன் என்று அத்தனை தூரமும் பெரிய பூக்களைக் கேக்கிலேயே வைத்துக்கொண்டு போக வேண்டாம். சின்னப் பூக்களை முதல்நாளே ஒட்டிக் காயவிடலாம். குழாய்களையும் ஃபொண்டன்ட் உருண்டைகளையும் வீட்டிலேயே பதித்துவிட்டு, ரோஜாக்களை டிஷ்யூ பரப்பிய அட்டைப் பெட்டியில் தனியே கொண்டுசெல்லுங்கள். கொஞ்சம் ரோயல் ஐசிங்கும் கூடுதலாகச் சில பூக்களும் இலைகளும் கூடவே போகட்டும். இதழ் ஒடிந்த இடத்தை ஓர் இலை மறைத்துவிடும். கேக் பெட்டியை வானின் தரையில், சமதளமாக, வழுக்காத விரிப்பின்மேல் வையுங்கள். இருக்கை சரிவானது.

பூக்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் அவற்றின்மேல் நீர் படியும், இதழ் துவளும், சாயம் கசியும். மாரி காலத்தில் பனங்கட்டி கசிவதுபோலத்தான் இதுவும்: சீனி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஆவணியில் சோளகக் காற்று வறண்டு வீசுவதால் உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு. தைக் கல்யாணமாக இருந்தால், பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளைப் போட்டு, பூக்களைத் தொடாதபடி வைக்கச் சொல்லியிருப்பேன்.

எந்தத் தட்டில் எத்தனை குழாய், எத்தனை கம்பி என்று ஒரு துண்டில் எழுதி, கேக் வெட்டிப் பரிமாறுபவரின் கையில் கொடுங்கள். அவர் எல்லாவற்றையும் உருவி எண்ணிப் பார்த்த பிறகே கத்தி வைக்க வேண்டும். பூக் கேட்டு வரும் பிள்ளைகளுக்குக் கம்பியில்லாத மல்லிகைகளைக் கொடுக்கலாம்.